கூடைப் பாறைக்குப் போன நாள்

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பூ வேண்டியவர்கள், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போவார்கள். தண்ணீர் வழிந்தோடும் அந்த இடமெல்லாம் செவ்வந்தியும் கனகாம்பரமும் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும். பூப் பார்ப்பதற்காகக் கூடைப் பாறைக்கு ஏறுவது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றாத காரியம். அந்தப் பாறை தோட்டத்தின் மேல் எல்லையில் இருந்தது. தேயிலை முடிந்து, அதற்கு மேலே மானாப்புல்லும் முடிந்து, பூமியே முடிந்துபோகிற இடம் அது. அதற்கு அப்பால் ஆறு. கண்ணுக்குத் தெரிகிற ஆறு அல்ல; இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்த பிளவுக்குள், எவ்வளவு ஆழத்தில் என்று யாருக்கும் தெரியாமல் இரைந்துகொண்டிருந்த ஒரு சத்தம்.

நான் பிறப்பதற்கு முன்னால், கொழுந்தெடுக்கப் போன ஒரு பெண் பனிமூட்டத்தில் வழி தப்பி அங்கிருந்து விழுந்துவிட்டாளாம். மூன்று நாள் கழித்து ஆற்று வளைவில் அவளுடைய கொழுந்துக்கூடை மட்டும் கிடைத்ததாம். பாறைக்குப் பெயர் வந்த கதை அதுதான். அடம்பிடிக்கிற பிள்ளைகளைக் கூடைப் பாறையில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக மிரட்டுவது எங்கள் லயத்துத் தாய்மார்களின் வழக்கம். என்னை வாரத்துக்கு இரண்டு முறையாவது அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், வாயால். அதனால், "நாளைக்கு நீ எங்கூடக் கூடைப் பாறைக்கு வரணும்" என்று அப்பா ஒரு சாயங்காலம் சொன்னபோது, அந்த வாரம் நான் செய்த குற்றங்களையெல்லாம் மனதுக்குள் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். எந்தக் குற்றமும் இவ்வளவு பெரிய தண்டனைக்குப் போதாது என்றுதான் பட்டது.

விஷயம் வேறு. அப்பா பெரிய துரையின் பங்களாவில் தோட்டக்காரர். நாடு சுதந்திரம் அடைந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. எங்கள் மலைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. துரை வெள்ளைக்காரர். அவருடைய மனைவியை நாங்கள் துரைசாணி என்போம். மெலிந்த உருவம், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருக்குப் பூக்களைப் படம் வரைகிற பழக்கம் இருந்தது. மாசி வெயிலில் கருகிக் கிடக்கும் மேட்டுப் புல்வெளி, பங்குனியில் இரண்டு மழை விழுந்ததும் ஒரே வாரத்தில் பூத்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். துரை கொழும்புக்குப் போயிருந்த இரண்டு நாளில் ஒரு நாளை அவர் அதற்காகத் தேர்ந்துகொண்டார். அப்பா வழி காட்ட வேண்டும். ஆனால் ஒரு ஆண் வேலையாளோடு தனியாகப் போவது சரியில்லை என்பதால், அப்பாவின் பெண்சாதியும் கூட வர வேண்டும் என்று உத்தரவு. அம்மாவுக்கோ நான்கு நாளாகக் காய்ச்சல். பக்கத்துக் காம்பிராப் பெண் யாரையாவது கூப்பிட்டால் தோட்டமெல்லாம் பேச்சாகும். ஆகவே பெண் துணையாக நான் தேர்வானேன். எனக்கு வயது ஒன்பது.

மறுநாள் காலையில் அம்மா படுத்தபடியே எனக்குத் தலை பின்னிவிட்டாள். துரைசாணியின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், எக்காரணம் கொண்டும் அவர் மீது பட்டுவிடக் கூடாது என்று மூன்று கட்டளைகள் கொடுத்தாள். அட்டை ஏறாமலிருக்க என் காலில் சவர்க்காரத்தைத் தடவிவிட்டார் அப்பா. அவர் கை ஈரமாக இருந்தது சவர்க்காரத்தினால்தான் என்று எண்ணினேன்.

பங்களாவின் பின்வாசலில் துரைசாணி எங்களுக்கு முன்பே தயாராக நின்றார். மணிக்கட்டு வரை கை நீண்ட சட்டை, தொப்பி, காலில் கறுப்புச் சப்பாத்து. அவருடைய படப் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் அப்பா தூக்கிக்கொண்டார். பூக்களை வைக்கிற தகரப் பெட்டி என்னிடம் வந்தது. அவர் அதை என் கையில் தரவில்லை. கீழே வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அதில் வித்தியாசமாக ஒன்றும் இல்லை. பங்களாவில் எல்லாப் பொருளும் அப்படித்தான் கை மாறும்.

தேயிலைக்கு நடுவே ஏறிப் போனோம். செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்து, சலாம் வைத்து, நாங்கள் தாண்டிய பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தேயிலை முடிந்து புல்வெளிக்குள் கால் வைத்ததும் துரைசாணி நின்றுவிட்டார். நானும் என் பயத்தைச் சற்று மறந்தேன். புல்லுக்குள்ளிருந்து மஞ்சள் பூக்கள் ஒற்றைக் காலில் எழுந்து நின்றன. பாறை இடுக்குகளில் ஊதாப் பூ. ஈரமான சரிவுகளில் நகம் அளவுக்கு இளஞ்சிவப்புப் பூக்கள் ஆயிரக்கணக்கில், காற்று வரும்போதெல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்தன. இத்தனையும் எங்கள் தலைக்கு மேலேயே வருடா வருடம் பூத்து உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

துரைசாணி ஒவ்வொரு பூவுக்கு முன்னாலும் மண்டியிட்டார். சின்னப் புத்தகத்தில் படம் போட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இது என்னா பேர்?" என்று கேட்டார்.

அப்பாவுக்குத் தெரியாது. அந்தப் பூக்களுக்கு எங்களிடம் பெயர் இருக்கவில்லை. கீழே கிராமத்துச் சிங்களவர்களிடம் இருந்திருக்கலாம். ஆனால் பங்களாவில் பத்து வருடம் வேலை பார்த்தவர், தெரியாது என்ற வார்த்தையை அங்கே ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"ராசாத்திப் பூங்க," என்றார் அப்பா.

துரைசாணி அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்து, புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அடுத்தது சின்ன ராசாத்தி ஆயிற்று. அதற்கடுத்தது மயில்கொண்டை. நகம் அளவுப் பூவுக்கு அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, 'பாப்பா மூக்குத்தி' என்று பெயர் வைத்தார். திரும்பி வரும்போது அவர் இதே பூவைக் காட்டி மறுபடி கேட்டால் அப்பாவுக்கு ஞாபகம் இருக்குமா? அப்பா மறந்துவிடுவார், பொய் தெரிந்துவிடும், எங்களைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு பெயரையும் அந்தந்தப் பூவோடு சேர்த்து நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டே நடந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

பெயர்களுக்கு நடுவே ஆற்றின் சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் மழை வருகிறது என்று நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம் காலுக்கு அடியிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. முன்னால் ஒரு கறுப்புப் பாறை யானை முதுகைப்போல் வளைந்து கிடந்தது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. எதிர்ப்பக்க மலை எங்கோ தூரத்தில் நின்றது. நடுவில் வெறும் காற்று.

அப்பா என்னைப் பத்தடி பின்னாலேயே உட்கார வைத்து, ஒரு செடியின் தூரைக் காட்டினார். "இதப் புடிச்சுக்க. நான் கூப்புடாம எந்திரிக்காத." நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். கூடைக்காரி எங்கே நின்று விழுந்திருப்பாள் என்று பார்க்காமலிருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

துரைசாணிக்குப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. பாறையின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு சின்னத் திட்டு இருந்ததாம். அதில் வெள்ளைப் பூக்கள் கொத்தாகத் தொங்கினவாம். நான் அவற்றைக் கடைசி வரையில் பார்க்கவில்லை. அப்பா தான் இறங்கிப் பறித்துத் தருவதாகச் சொன்னார். துரைசாணி தலையை ஆட்டினார். பறிக்கக் கூடாது, இருக்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பாறைக்குப் பக்கத்தில் புல் மூடிய ஒரு சரிவு திட்டை நோக்கி இறங்கியது. அதன் வழியாகப் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கத் தொடங்கினார். அப்பா, "வேணாங்க, வழுக்குங்க" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்ல அவருக்குத் தைரியம் இருக்கவில்லை. துரைசாணி செய்கிற காரியத்தை மூன்று முறை வேண்டாம் என்று சொல்கிற உரிமை எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் பனிமூட்டம் எழுந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து புகை மாதிரி வந்தது. எதிர் மலை போயிற்று. பிறகு பாறையின் நுனி போயிற்று. துரைசாணியின் தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

புல் அறுபடுகிற ஒரு சத்தம் கேட்டது. அதன் பின் துரைசாணியின் குரல். அவர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அப்பா படப் பையைப் போட்டுவிட்டுச் சரிவை நோக்கி ஓடினார். அவர் கூப்பிடாமலே நான் எழுந்தேன். அங்கே தனியாக இருப்பதைவிட விழுவது மேல் என்று தோன்றியது. நாலு காலில் தவழ்ந்து அப்பாவிடம் போனேன்.

அப்பா சரிவில் தலைகீழாகக் குப்புறப் படுத்திருந்தார். துரைசாணி அவருக்கு ஒரு கை தூரத்துக்குக் கீழே கிடந்தார். திட்டைத் தாண்டிச் சறுக்கியிருந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்குத் தரை இல்லை. வலது கையில் ஒரு குத்துச்செடி. அது வேரோடு மெல்ல மெல்ல மண்ணிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மண் உருண்டைகள் பனிக்குள் விழுந்தன. அவை எங்கும் போய் மோதுகிற சத்தமே கேட்கவில்லை.

இடது கையை அவர் மேலே நீட்டினார். அப்பாவும் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எட்டாமல் நிற்கவில்லை, எட்டுகிற தூரத்தில்தான் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். என் வாழ்நாளில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. துரைசாணி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தன் கையையே பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பதைப்போல.

பிறகு அப்பா அவருடைய கையைப் பற்றினார். பற்றியதும், "பாப்பா, என் காலப் புடிச்சுக்க. செத்தாலும் விட்டுறாத" என்றார்.

அப்பாவின் இரண்டு கணுக்காலையும் கட்டிக்கொண்டு, ஒரு கல்லில் என் பாதங்களை உதைத்துக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவின் உடம்பு ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. என்னையும் சேர்த்து இழுத்தது. மறுபடி ஒரு விரற்கடை. மூன்று பேருடைய கூடையும் ஆற்று வளைவில் கிடக்கப்போகிறது என்று நினைத்தேன். எங்களிடம் கூடையே இல்லை என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. மாரியம்மனுக்கு நான் எதையெல்லாம் நேர்ந்துகொண்டேன் என்று இப்போது சொல்ல முடியாது. தலைமுடி நிச்சயமாக அதில் இருந்தது.

அப்பாவின் கால் நகர்வது நின்றது. பின்பு பின்னோக்கி வந்தது. புல்லை மிதிக்கிற சத்தம், இரைக்கிற மூச்சு, துணி கிழிகிற சத்தம். கண்ணைத் திறந்தபோது துரைசாணி புல்லின் மேல் கிடந்தார். தொப்பி கழன்று கழுத்தில் தொங்கியது. ஒரு காலில் சப்பாத்து இல்லை.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் அப்படியே கிடந்தோம். அப்பாவின் மார்பிலும் முகவாயிலும் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. துரைசாணி எழுந்து உட்கார்ந்தார். அவருடைய இடது கைச் சட்டை தோள் வரைக்கும் கிழிந்து விலகிக் கிடந்தது. மணிக்கட்டில் அப்பாவின் நான்கு விரலும் கட்டைவிரலும் செக்கச்செவேலென்று பதிந்திருந்தன. அதற்கு மேலே, முழங்கையைச் சுற்றி, இன்னும் சில விரல் தடங்கள் இருந்தன. அவை சிவப்பாக இல்லை. மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருந்தன. வெள்ளைக்காரர்களின் தோல் அப்படித்தான், தொட்ட இடமெல்லாம் ஒவ்வொரு நிறமாக மாறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். தரையில் விழுந்து இரண்டு கையையும் குவித்து, தெரியாமல் தொட்டுவிட்டதாகவும் மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விழப் போனவரைத் தூக்கியதற்கு அப்பா ஏன் மன்னிப்புக் கேட்கிறார்?

துரைசாணி கிழிந்த துணியை இழுத்து, விலகியிருந்த முழங்கையைத்தான் முதலில் மூடினார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"நீ சொல்லாதே," என்றார். "தொரைக்கிட்ட சொல்லாதே. மலைக்கு வந்தது, விழுந்தது, ஒண்ணும் சொல்லாதே." என் பக்கம் திரும்பி, "நீயும் சொல்லாதே," என்றார்.

அவருடைய தமிழ், வேலையாட்களிடம் பேசுவதற்கென்று எழுதப்பட்ட ஒரு புத்தகத்தில் படித்த தமிழ். அதில் வா, போ, செய், செய்யாதே என்பதைத் தவிர வேறு வார்த்தைகள் கிடையாது. ஆகவே அவர் கோபமாகக் கட்டளை போடுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணில் நீர் நின்றது; அது பனியினால் என்று எண்ணினேன்.

"சொல்ல மாட்டோம்ங்க," என்றார் அப்பா. "எங்க கொலதெய்வத்து மேல சத்தியமா சொல்ல மாட்டோம்."

தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அப்பா கீழே வைத்தார். துரைசாணி அதை எடுத்துச் சப்பாத்து இல்லாத காலில் சுற்றிக்கொண்டார். இறங்கி வரும்போது எந்தப் பூவின் முன்பும் நிற்கவில்லை. யாரும் எந்தப் பெயரையும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் பயம் ஒரு ஆளைப்போலக் குடியிருந்தது. அம்மா, நெஞ்சில் என்ன காயம் என்று கேட்டாள். தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்துவிட்டதாக அப்பா சொன்னார். இத்தனை வருடம் விழாத கானில் இப்போது ஏன் விழுந்தீர்கள் என்று அவள் கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைவார், எழுந்துவிடுவார். லயத்து வாசலில் கங்காணியின் தடி தட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். பத்துச்சீட்டு வரப்போகிறது என்பது அவர் நினைப்பு. வேலை போய்விட்டது, காம்பிராவைக் காலி செய் என்று துரை கையெழுத்துப் போட்டுத் தருகிற துண்டுக் கடுதாசி அது. தோட்டத்தை விட்டுப் போனால் எங்களுக்குப் போக ஊர் கிடையாது. அம்மா பிறந்ததும் அதே லயத்தில்தான்.

எனக்கு என் வாயைப் பற்றிய பயம். தூக்கத்தில் பேசுகிற பிள்ளை நான். கம்பளியின் நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு தூங்கப் பழகினேன்.

துரை கொழும்பிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள், பகலில், என்னைப் பங்களாவுக்கு அழைத்து வரச் சொல்லி ஆள் வந்தது. கவ்வாத்துக்காரர்களின் கண்ணும் வாயும் சும்மா இருக்கவில்லை. துரைசாணி காலில் துண்டு கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய கதை கங்காணிக்குப் போய், அவருக்கு மேலே இருந்த கண்டாக்கையாவுக்குப் போய், துரையின் காதுக்குப் போய்விட்டது.

பின்பக்க விறாந்தையில் துரை நின்றார். உயரமான மனிதர். காலடியில் நாய். துரைசாணி ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தார். அன்று நல்ல வெயில். இருந்தும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அப்பா படிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் கேட்டு முடித்தாயிற்று; பூப் பார்க்கப் போனோம் என்பதற்கு மேல் அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று பின்னால் தெரிந்தது. வேலையாள் பொய் சொல்வான், பிள்ளை சொல்லாது என்பது துரையின் கணக்கு.

"நீ பொய் சொல்லக் கூடாது," என்றார். "மலையில் என்னா நடந்துச்சு?"

அம்மாவின் மூன்று கட்டளைகளில் முதலாவதை மீறி நான் துரைசாணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னல் ஊசி மட்டும் நின்றிருந்தது.

"பூப் பாத்தாங்க, தொர," என்றேன். "பூப் படம் போட்டாங்க."

"சப்பாத்து எங்கே?"

அட்டை ஏறிவிட்டது என்று துரைசாணி சப்பாத்தைக் கழற்றிப் பாறையில் வைத்ததாகவும், ஒரு குரங்கு வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னேன். அந்தக் குரங்கு எங்கிருந்து என் வாய்க்குள் வந்தது என்று எனக்கே தெரியாது. அதற்கு நரைத்த முகம் என்றும், குட்டி ஒன்று வயிற்றில் தொங்கியது என்றும், அப்பா அதைத் துரத்திப் போனதில்தான் விழுந்து நெஞ்சில் அடிபட்டது என்றும் சொன்னேன். துரையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உள்ளே போய்த் துரைசாணியின் படப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒரு பக்கத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது என்னா?"

"ராசாத்திப் பூங்க."

அடுத்த பக்கம். "மயில்கொண்டைங்க." அதற்கடுத்த பக்கம். "பாப்பா மூக்குத்திங்க."

ஒவ்வொன்றுக்கும் கீழே துரைசாணி எழுதியிருந்ததைத் துரை விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. உலகத்தில் இல்லாத அந்தப் பெயர்களை நான் பிழையில்லாமல் ஒப்புவித்ததனால், நான் உண்மை பேசுகிற பிள்ளை என்று முடிவாயிற்று. துரை புத்தகத்தை மூடி, கையை வீசி, "போ" என்றார்.

படியிறங்கும்போது என் கால் தரையில் படவில்லை. அப்பா என்னைத் தூக்கிக்கொள்வார், குறைந்தபட்சம் தலையைத் தடவுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அவர் காது பங்களாவின் பக்கமே இருந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளே துரையின் குரல், இங்கிலீஷில். அப்பா நேரே கொட்டிலுக்குப் போய் வேலி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்து வந்தார். பங்களாவின் பக்கச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே ஓடிய செடிவேலியை வெட்ட ஆரம்பித்தார்.

அதை அவர் போன வாரம்தான் வெட்டியிருந்தார். வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கத்தரி பெரும்பாலும் காற்றையே வெட்டியது, டக் டக்கென்று. உள்ளே குரல் உயர்ந்தபோதெல்லாம் அப்பாவின் கத்தரி வேகமாக ஓடியது. ஒருமுறை உள்ளே ஏதோ கண்ணாடி உடைந்தது. அப்பா ஜன்னலுக்கு நேர் கீழே வந்து, தொண்டையைச் செருமி, பாட்டுப் பாடத் தெரியாத மனிதர் ஏதோ ஒரு பாட்டை உரக்கப் பாடினார். ஜன்னல் திரை விலகியது. துரை எட்டிப் பார்த்தார். அப்பா கத்தரியைத் தாழ்த்திச் சலாம் வைத்துவிட்டு மறுபடி வெட்டினார். உள்ளே சத்தம் அடங்கியது. எனக்குப் பசித்தது. வேலை முடிந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டும் கலைந்து ஆட்களெல்லாம் லயத்துக்குப் போன பிறகும் அப்பா நகரவில்லை.

மறுநாளும் வெட்டினார். அதற்கு மறுநாளும். மாலையில் துரை பங்களாவுக்குத் திரும்பிவிட்டால் அப்பாவுக்கு அந்த வேலியில் ஏதாவது வேலை வந்துவிடும். வேலி வாரம் திரும்புவதற்குள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பங்களாவில் சமைக்கிற அப்பு, ஒரு சிங்களவர், குசினி வாசலில் நின்று, தோட்டக்காரனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அரைத் தமிழில் சிரித்தார். லயத்திலும் சொன்னார்கள்: துரையிடம் வசமாக மாட்டிக்கொண்டான், இப்போது நல்ல பெயர் வாங்க மாய்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. குரங்குக் கதை சொல்லி நான் காப்பாற்றிய வேலையை, இவர் இப்படிப் பயந்து பயந்து கேவலப்படுத்துகிறாரே என்று தோன்றியது.

ஒரு மாலை தேத்தண்ணி கொண்டுபோனபோது கேட்டேவிட்டேன். "வெட்ட ஒண்ணுமே இல்லையே அப்பா, எதுக்கு வெட்டுறீங்க?"

"சத்தம் உள்ள கேக்கட்டும்," என்றார்.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து சில நாளில் துரைசாணி சீமைக்குப் புறப்பட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னார்கள். றொசல்ல ஸ்டேசனில் காலை ரயில். அப்பாதான் பெட்டியைத் தூக்கிப் போனார். ரயில் வரும் வரைக்கும் துரைசாணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றாராம். ஏறும்போது துரைசாணி தன் கைப்பையை அப்பாவிடமிருந்து வாங்கினார், கீழே வைக்கச் சொல்லாமல், நேராகக் கையிலிருந்தே. வீட்டுக்கு வந்து அப்பா இதை அம்மாவிடம் சொன்னார். துரைசாணி திரும்பி வரவே இல்லை. துரை அதற்குப் பிறகு இரண்டு வருடம் தனியாகவே இருந்துவிட்டு, தோட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

துரைசாணி போன மறுநாள் அப்பா கத்தரியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கொட்டிலில் ஆணியில் மாட்டினார். அந்த வேலி ஒரு முழம் வளர்ந்து ஜன்னலை மறைக்கிற வரைக்கும் அதைத் தொடவில்லை. துரை பங்களாவில்தான் இருந்தார். மாலைதோறும் அதே நேரத்தில் வந்துகொண்டுதான் இருந்தார். அப்பா ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு சாப்பிட்டார். அப்பாவுக்குத் துரையிடம் இருந்த பயம் ஒருவழியாகத் தெளிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.